மைனஸ் பதின்மூன்று புள்ளி ஆறு

மாதுங்கா, மூன்றாம் மாடி, இருட்டறை.
ஜன்னலை மறைத்த கறுப்புத் துணியின் ஓட்டையை
யாரோ சூயிங்கம் வைத்து அடைத்திருக்கிறார்கள்.
வெளியே மழை.
சயானில் தண்டவாளம் முழுகிவிட்டதாம்,
இனி வீட்டுக்கு அவசரப்பட்டுப் பயனில்லை.

குழாயில் ஹைட்ரஜன் எரிகிறது
கல்யாண மண்டப சீரியல் பல்பின் ரோஸ் நிறத்தில்,
மறைக்க ஒன்றுமே இல்லாததுபோல.
ஒற்றைக் கண்ணை டெலஸ்கோப்பில் வைக்கிறேன்:
சிவப்பு.
பிறகு வெகுதூரம் ஒன்றுமில்லை.
பச்சை கலந்த நீலம்.
கொஞ்சம் தள்ளி ஊதாபோல ஒன்று.
நான்காவது கோடு எனக்குத் தெரியவில்லை.
ஃபர்ஹீனுக்குத் தெரிகிறது.
"அரே, இதோ" என்று
என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள்.
அங்கேயும் இருட்டுதான்.

எலக்ட்ரானின் கணக்கு முழுக்க மைனஸ்.
கருவுக்கு மிக நெருங்கி நின்றால்
பதின்மூன்று புள்ளி ஆறு கடன்,
அடுத்த படியில் மூன்று புள்ளி நான்கு,
அப்புறம் ஒன்றரை, அப்புறம் ஒன்றுக்கும் குறைவு.
எல்லாம் தீர்ந்து பூஜ்யம் வரும் இடத்தில்
அதற்கு வீடு கிடையாது.

நாங்குநேரிக்காரர் நினைவுக்கு வருகிறார்.
தொண்ணூறடி சாலையில் எங்கள் மாவுக்கடை வாசலில்
ஞாயிறுதோறும் ஸ்கூட்டரை நிறுத்துவார்.
பாதித் தவணை நீட்டினால் கைகூட நீட்டமாட்டார்.
முழுசாகத் தா, இல்லையா, வைத்துக்கொள்.
அப்பா எந்தப் படியில் இருந்தாரோ
அதே படியில் நிற்பார்.

ஆனால் இரண்டாவது கிரைண்டருக்குக் கையெழுத்துப் போட்ட அன்று
அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
கால் கிலோ ஜிலேபியோடு வந்தார்.
கடனில் இன்னும் ஆழமாக விழும்போதுதான்
வெளிச்சம் வருகிறது என்று
எந்தப் பரீட்சையிலும் நான் எழுதியதில்லை.

கண்ணில் படுகிற கோடுகளெல்லாம்
இரண்டாம் படியோடு நின்றுவிட்ட விழுதல்கள்.
அடிவரை விழுகிறவற்றின் ஒளி
யார் கண்ணுக்கும் எட்டாது,
ஃபர்ஹீனுக்கும்.

"நானூற்றுப் பத்துன்னு போட்டுடு,
எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்றாள்.
நான் போடவில்லை.
நான்காவது வரிசையில்
'ஃபர்ஹீன் பார்த்தாள்' என்று எழுதினேன்.
குழாயை அணைத்த பிறகும் அது சற்று நேரம்
சூடாகவே இருந்தது.

அடுத்த வாரம் ரெக்கார்டு திரும்பி வந்தது,
அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு.
அரை மார்க் குறைத்திருந்தார் மேடம்.
இங்கே அரை உண்டு.