மூணு இஞ்ச்

எழுபத்தொன்பதாம் வருடத்து ஜி.எம்.சி.
குவைத்தில் பிக்கப் என்று சொல்லிப் பயனில்லை,
வானெத் என்றால்தான் ஆள் திரும்பும்.
ஷுவைக்கில் எங்கள் பட்டறை வாசலில்
அபூ மிஷால் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது
பக்கத்துக் கடையின் டீ கிளாஸ்கள்
தட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"வஃப்ரா தோட்டம் போய்ச் சேர்வதற்குள்
காது செத்துவிடுகிறது" என்றார்.
இருப்பது மூன்றே கியர்.
நூறைத் தொட்டால் என்ஜின்
அம்மியை விழுங்கிய ஆடுபோல் கத்தும்.

நாலு கியர் பெட்டி அம்கராவில் கிடைத்தது,
நசுங்கிய வண்டியொன்றின் வயிற்றுக்குள்.
நூற்றுப்பத்து தினார் சொன்னான், எண்பதில் முடிந்தது.
எண்ணெயைத் தொட்டு முகர்ந்தேன்.
கருகல் வாடை இல்லை.
இந்தத் தொழிலில் முதல் சாட்சி மூக்கு.

ஒரே சிக்கல்:
புதுப்பெட்டி பழையதைவிட மூணு இஞ்ச் நீளம்.
அந்த மூணு இஞ்சுக்காக
கிராஸ் மெம்பர் பின்னால் நகர வேண்டும்,
புதுத் துளை, புது போல்ட்,
டிரைவ் ஷாஃப்ட் அதே அளவுக்குக் குட்டையாக வேண்டும்.
அமலிக்கு இது சட்டென்று புரியும்.
வீட்டு பிளானில் சமையலறையை
மூணடி நீட்டச் சொன்னவள்,
மாடிப்படி எங்கே போகும் என்று
ஒரு வாரம் என்னோடு போனில் சண்டை போட்டவள்.

ஆகஸ்ட்.
நண்பகலில் வெயிலில் வேலை கூடாதென்பது சட்டம்.
தகரக் கூரைக்குக் கீழே வெயில் இல்லை
என்பது முதலாளியின் கணக்கு.

ஷாஃப்டை அறுக்குமுன்
நீளவாக்கில் சாக்பீஸ் கோடு போட்டேன்.
இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்க வேண்டும்,
ஒரு கட்டிலின் தலைமாடும் கால்மாடும் மாதிரி.
லேத்துக்காரர் ஷாபான், மிஸ்ரி,
வாங்கிப் பார்த்து, "கோடு எங்கே?" என்றார்.
என் முன்கை வியர்வை
அதைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது.
மறுபடி போட்டேன்.
கண் மதிப்பில்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.

வெல்டிங் ஆறியது. புது யூ-ஜாயின்ட் ஏறியது.
கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளை
இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.
அது ஒரு நூல் தளர்ந்தாலும்
உள்ளே கிளச்சுத் தட்டுகள் வெந்துபோகும்.
ஆறாம் ரிங் ரோடு.
எழுபது, சுகம்.
எண்பது, சுகம்.
தொண்ணூறில் தரை நடுங்கியது,
பிறகு சீட், பிறகு என் பல்.
ஷாபான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.
"கோடு" என்றேன்.
"தெரியும்" என்றார்.

இரவு பதினொன்று. மறுபடி லேத்.
அவர் டயல் கேஜ் வைத்து மெல்லச் சுழற்ற,
நான் ஆணி முனையால் இரும்பையே கீறினேன்.
கூலி பேசவில்லை.
எனக்கும் சேர்த்து சுலைமானி வாங்கிவரச் சொன்னார்.
முதல் நாள் வெட்டிய மூணு இஞ்ச் வளையத்தை
கிளாஸுக்கு அடியில் வைத்தார்.
கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை அபூ மிஷாலே ஓட்டினார்.
அஹ்மதி தாண்டி, தெற்கே,
மின்கம்பங்கள் மட்டும் எதிரே வரும் சாலை.
ஒன்று. இரண்டு. மூன்று.
எழுபதைத் தாண்டியதும்
பெட்டி தானாக நாலுக்குப் போனது.
என்ஜின் குரல் அப்படியே கீழே இறங்கிவிட்டது.

அவர் முகம் வெளுத்தது.
"நின்றுவிட்டதா?"
ஸ்டீயரிங்கை விட்டு
டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்,
குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதுபோல்.
"ஓடுது, அபூ மிஷால். முள்ளைப் பாருங்க. நூறு."

கொஞ்ச தூரம் பேச்சில்லை.
டயர் தார்மீது போகும் ஓசை.
காற்று.
அப்புறம், கதவுப் பக்கமிருந்து,
கீச், கீச், கீச்.
"அது என்ன?"
"கீல், பாபா. ரொம்ப வருஷமா இருந்திருக்கும்.
என்ஜின் கேட்க விட்டிருக்காது."

அவர் வேகத்தைக் குறைத்தார். கூட்டினார்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"நாளைக்கு" என்றார்,
"இதையும் பார்."