சிவப்புப் புள்ளி

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
அண்டி ஆபீசுக்கு எதிர்மாடியில் குடியிருக்கிறேன்.
காலை எட்டுக்குச் சங்கு ஊதும்.
அப்போது என் திரையில்
ஏதோ ஒரு ராம்சேசின் ஆட்சியாண்டு, எண் உடைந்திருக்கிறது,
வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், நாள் பதினான்கு.
ஜன்னலுக்கு வெளியே இடவப்பாதி மழை
ரப்பர் சிரட்டைகளில் பாலுக்குப் பதில் நிரம்புகிறது.

உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக்கல் சில்லு.
மேற்பாதி ஒரு நாட்டுக் கண்ணாடிப் பெட்டியில்,
கீழ்ப்பாதி வேறொரு நாட்டு மர இழுப்பறையில்.
நூறு வருஷமாய் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
நான்தான் மவுசால் இழுத்துச் சேர்த்தேன்;
ஒரு மயிரிழை இடைவெளி மட்டும் மூட மறுக்கிறது.

மன்னர்களுக்குக் கல்லறை குடைந்தவர்களின்
வருகைப் பதிவு. வலமிருந்து இடமாகக்
கறுப்பு மையில் பெயரும் நாளும்.
வராத நாளுக்கு மேலே சிவப்பில் காரணம்:
கண்நோவு.
தேள் கொட்டிற்று.
தாயின் பிரேதத்துக்குத் துணி சுற்றினான்.
பீர் காய்ச்சினான். இதை எழுத எழுத்தருக்குக்
கூச்சமே இல்லை.

ஒருவனுக்கு மட்டும் ஐந்து நாளுக்குக் காரணம் இல்லை.
ஒரு சிவப்புப் புள்ளி.

மை சொட்டியது என்கிறாள் லைப்சிக்கிலிருந்து அன்னெகிரெட்.
ஐந்து தடவை, ஒரே உயரத்திலா என்கிறேன்.
தானியம் அளந்ததற்குக் குறி என்கிறாள்.
வராதவனுக்கா என்கிறேன்.
பதினோரு மின்னஞ்சல். கரண்ட் போனதில்
என் கடைசி வாதம் பாதியில் உடைந்தது.
அதுவும் ஒரு சில்லுதான்.

சாயங்காலம் வறுக்கிற புகை அடங்கியதும்
லீமாறோசைப் பார்க்கப் போனேன்.
ஆபீசில் பேர் எடுக்கிறவள்,
பள்ளியில் என் பெஞ்சு, கணக்கில் என்னை முந்தியவள்.
சுவரில் புது மெஷின். விரல் வைத்தால் பெயர் சொல்லுமாம்.
சொல்லவில்லை. அண்டித்தோட்டு எண்ணெய்
இருபது வருஷமாய் ரேகையைத் தின்றிருக்கிறது.
நூற்றுநாற்பது பெண்கள் உட்கார்ந்து தல்லுகிறார்கள்;
மெஷினுக்கு அத்தனை பேரும் ஆப்சென்ட்.
அதனால் லீமாறோசின் நீள நோட்டு இன்னும் மேசைமேல்.

சும்மா புரட்டினேன். சிவப்புப் பேனா:
பனி. கல்யாணம். மருமகளுக்குப் பேறு.
அப்புறம் தங்கலீலா என்ற பெயருக்கு நேரே
செவ்வாய், புதன், வியாழன்,
புள்ளி, புள்ளி, புள்ளி.

இது என்ன?
நோட்டை மூடி அதன்மேல் முழங்கையை வைத்தாள்.
"அவளுக்க மாப்பிள அடிச்ச நாளு.
எழுதினா மானேஜரு வாசிப்பாரு, லோடு ஏத்துறவன் வாசிப்பான்.
ஒண்ணும் போடாம விட்டா, சொல்லாம நின்னான்னு
சீட்டக் கிழிச்சிருவாவ.
எனக்குத் தெரியும்னு ஒரு குத்து. அம்புடுதான்.
ஒனக்கு இது எதுக்கு?"

எனக்கு இது எதுக்கு.

கருங்கல் நோட்டு
கல்லறைக் கிராமத்துக்குச் சான்றாகாது.
அன்னெகிரெட் சொல்ல வேண்டியதில்லை,
முதல் வருஷ மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
என்றாலும் ராத்திரி அந்த ஐந்தையும்
நிறம் பிரித்து, நிழல் நீக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன்.
தூரிகை ஒவ்வொரு தடவையும்
தாழ்ந்து, நின்று, எழுந்திருக்கிறது.
சொட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மூலையில், மை காயும் முன் பட்ட ஒரு பெருவிரல்.
பதினேழு ரேகை எண்ணினேன்.
மூவாயிரத்து இருநூறு வருஷம் கழித்தும்
எதிர்ச்சுவர் மெஷின்
இவரை வந்ததாகப் பதிந்துகொள்ளும்.

பதிப்புக்கு அனுப்ப வேண்டிய அடிக்குறிப்பு நாற்பத்து மூன்று:
"சிவப்புப் புள்ளி, ஐந்து இடங்களில்.
சிந்தியதல்ல, இட்டது.
பொருள் தெரியவில்லை."

கடைசி வரியை மூன்று தடவை அழித்தேன்.
மூன்று தடவையும்
அதையே எழுதினேன்.