நான்காம் நாள்: நிகழ்ச்சி ஏதுமில்லை

பீச் ரோடு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில்
கடல் தெரியாத அறையில் உட்கார்ந்து
நான் விற்பது கடலைத்தான்.
பதினோரு நாள், மூன்றே ஹோட்டல்,
குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது,
காலை பத்துக்கு முன் யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள்.
பாஸ்க் கடற்கரை.
நான் போனதில்லை.

போகாவிட்டால் என்ன,
பில்பாவோவிலிருந்து பியாரிட்ஸ் வரை
ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம்.
கெத்தாரியாவில் மீனை முழுசாகக் கரியில் வாட்டுவார்கள்.
பெர்மியோ தாண்டிப் பாறைத்தீவு தேவாலயத்துக்கு
இருநூற்று நாற்பத்தொரு படி;
நம் குழு ஏறாது, எதிர்க் குன்றில்
மேசை விரித்துப் பார்க்கும்.
சாக்கோலி என்ற வைனை
ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார்களாம்.
"தே தாரிக் மாதிரி" என்பேன்.
அங்கேதான் முகங்கள் மலரும்,
கடன் அட்டை லேசாக வெளியே எட்டிப் பார்க்கும்.

இராஜமனோகரி மட்டும் மலரவில்லை.
தஞ்சோங் பகார் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருடம் கப்பல்களுக்கு நேரம் குறித்தவர்.
கைக்கடிகாரம் இருந்த இடத்தில்
வெளுத்த ஒரு பட்டை.
பயணத் திட்டத்தை என்னைவிட வேகமாக வாசித்தார்,
விரல் நான்காம் நாளில் நின்றது.

"இதென்ன, ஒண்ணுமே போடலை?"
அன்றைக்கு ஓய்வு மேடம். விரும்பியதைச் செய்யலாம்.
"விரும்பாட்டி?"
செய்யாமலும் இருக்கலாம்.
"சும்மா இருக்கிற நாளுக்கும் அதே விலைதானா?"
வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஆயிரத்து நானூறு வெள்ளி.
சொல்ல எனக்கே கூச்சம்.
அவர் தலையாட்டினார்,
தாமதமாக வந்த கப்பலுக்கு அபராதம் எழுதும் முகத்தோடு.

அடுத்தது, எப்போதும் நான் குரலைத் தாழ்த்தும் வரி.
தனியாக வருபவருக்குக் கூடுதல் கட்டணம்:
மூவாயிரத்து நூற்று எண்பது.
இருவர் தூங்கும் அறையில் ஒருவர் தூங்குவதால்.
இந்த வரியில் சிலர் சுவரைப் பார்ப்பார்கள்.
ஒருவர் அழுதிருக்கிறார்; அதற்குப் பிறகுதான்
டிஷ்யூ டப்பா என் மேசைக்கு வந்தது.
கை தானாக அதை நகர்த்தியது.

"யாரும் சாகலைம்மா" என்றார்.
"நான் கல்யாணமே கட்டலை.
ஆக, வராத ஒரு ஆளுக்குத்தானே இந்தப் பணம்?
அப்ப கட்டிலை ரெண்டாவே போடச் சொல்லு.
ஒண்ணுல நான். இன்னொண்ணுல என் பெட்டி.
அதுவும் கால் நீட்டிப் படுக்கட்டும்."

ஹோட்டலுக்கு எழுதினேன்: இரண்டு கட்டில், ஒரு விருந்தினர்.
தவறோ என்று கேட்டுப் பதில் வந்தது.
தவறில்லை என்று எழுதி, கடைசியில்
அவர்கள் மொழியில் நன்றியும் சேர்த்தேன்: எஸ்கெரிக் அஸ்கோ.
உலகில் எந்த மொழியோடும்
ஒட்டுறவு தெரியாத மொழியாம் அது.
கூடுதல் கட்டணம் யார் கேட்டிருப்பார்கள் அதனிடம்.

ஒரு வியாழன் இரவு, இங்கே பத்தரை.
பிடோக் காப்பிக்கடையில்
என் தே ஓ கோசோங் ஆறிக்கொண்டிருந்தது.
அங்கே மாலை நாலரை. படம் வந்தது.
கடலை எதிர்பார்த்துத் திறந்தேன்.
கடல் ஓரமாகத்தான், திரைச்சீலைக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில்.
நடுவில் கட்டில்,
மல்லாந்து வாய் திறந்த நீலப் பெட்டி,
அதன் விளிம்பில் தொங்கும் ஒற்றைக் காலுறை.

கீழே எழுதியிருந்தார்:
நாலாம் நாள். மத்தவங்க கடைக்குப் போயிட்டாங்க.
ஜன்னல்ல உக்காந்து மீன்படகு எண்ணினேன். பதினேழு.
ஒண்ணுக்கும் நேரம் குறிக்கலை.
காலையிலேர்ந்து பொடித் தூறல்.
உன் லிஸ்ட்ல குடை இல்லை.

மறுநாள் அலுவலகத்தில்
அடுத்த குழுவின் பட்டியலைத் திறந்து
கறுப்புக் கண்ணாடிக்கு மேலே
குடை என்று சேர்த்தேன்.
பிறகு நான்காம் நாளுக்கு வந்தேன்.
அங்கே ஏதாவது போடச் சொல்லியிருக்கிறார் மேலாளர்,
சமையல் வகுப்பு, படகுச் சவாரி, ஏதாவது.
கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.
சாப்பிடப் போய்விட்டேன்.