காலி எடை

பேய் வேண்டாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.
முனி, மோகினி, பழிவாங்க வரும் மூத்த தாரம்
எதுவும் வேண்டாம்.
மனிதரை வெறுக்கும் ஒன்றுகூட வேண்டாமாம்:
வெறுப்பதற்கு முதலில் நம்மைக் கவனித்திருக்க வேண்டுமே.
கவனிக்காத ஒன்றைப் பற்றி எழுதுங்கள்,
மூவாயிரம் சொல்லுக்குள்.

மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினால்
எங்கள் எடைமேடை.
மாலை நாலிலிருந்து நள்ளிரவு வரை என் ஷிப்ட்.
லாரி ஏறும், எண் எரியும், ரசீது கிழிப்பேன்,
லாரி இறங்கும், எண் சைபருக்குத் திரும்பும்.
அந்தச் சைபருக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
கெட்டுப்போன ரசீதுகளின் முதுகில் எழுதினேன்.

முதல் கதையில் யானைமலை எழுந்து நடந்தது.
நடந்தால் அதற்கு எங்கோ போக வேண்டியிருக்கிறது.
வேண்டியிருந்தால் அதுவும் நம்ம ஆள்தான்.
கிழித்தேன்.
இரண்டாவதில் பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்
இளஞ்சியம், இளஞ்சியம் என்றது.
என் பெயர் அதற்கு எதற்கு?
அதையும்.

மூன்றாவதை நான் கற்பனை செய்யவில்லை.
சேவுகனின் டிப்பர் காலியாக ஏறினால்
பதினோராயிரத்து எண்ணூறு கிலோ.
நாலு வருஷமாக அதே எண், எனக்கு மனப்பாடம்.
தண்ணீர் தேங்கிய பழைய குவாரிப் பள்ளத்தைச் சுற்றி
அவர் வரத் தொடங்கிய வாரம்
நாற்பது கூடியது.
சேறு என்றேன். டீசல் என்றார்.
அடுத்த வாரம் எழுபது.
கழுவி, டூல் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.
நூற்றுப் பத்து.
மதுரையிலிருந்து முத்திரைக்காரர் எடைக்கற்களோடு வந்து
மேடையில் பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்து
டீ குடித்துவிட்டுப் போனார்.

யாரும் சாகவில்லை.
சேவுகனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.
மகளுக்குக் காது குத்தினார்,
கிடா விருந்துக்கு எனக்கும் பத்திரிகை வைத்தார்,
போனேன், குழம்பில் காரம் தூக்கல்.

இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.
இரண்டாயிரத்து நூறு சொல்.

தொகுப்பாசிரியர் குணாளன் பதில் போட்டிருந்தார்:
நடை நன்று.
ஆனால் அது என்னவென்று கடைசிவரை சொல்லவில்லையே.
அதற்கு என்ன வேண்டும் என்றாவது
ஒரு வரி, தை பிறப்பதற்குள்.

பள்ளத்தில் விழுந்து செத்த ஒரு கல் உடைப்பவனை வைத்துப் பார்த்தேன்.
அவனுக்கு ஒரு மனைவி, கொடுக்கப்படாத நஷ்டஈடு.
எழுதியதும் நிம்மதியாக இருந்தது.
நிம்மதியாக இருந்ததால்
அழித்தேன்.
முதலாளியின் அப்பா செய்த பாவம் என்று ஒன்று.
அதுவும் நிம்மதி.
கன்னிமூலையில் ஒரு கல்லுக்குப் பூசை நின்றுபோனது என்று ஒன்று.
பூசை கேட்டால் கொடுத்துவிடலாமே,
எவ்வளவு சுலபம்.

நேற்று பதினொன்றரைக்கு மேடையில் லாரி இல்லை.
எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
நூற்றுப் பத்து.
சுவிட்சை அணைத்துப் போட்டேன். நூற்றுப் பத்து.
பூனையா என்று டார்ச் அடித்தேன்,
இரும்புத் தகடும், சிந்திய கல்பொடியும்,
அதில் ஒரு தடமும் இல்லை.

பயத்தில் செய்தேனா,
அந்த ஒரு வரிக்காகச் செய்தேனா, தெரியாது.
செருப்போடு ஏறி நட்டநடுவில் நின்றேன்.
ஐம்பத்தெட்டு கிலோ நான்,
போன மாதம்தான் பெரியாஸ்பத்திரியில் பார்த்தது.
கண்ணாடிக்கு உள்ளே எண்
அசையவில்லை.
குதித்தேன்.
தகடு அதிர்ந்தது, காலில் வலித்தது,
நூற்றுப் பத்து.

ஹாரன்.
சேவுகன் விளக்கைத் தாழ்த்தி
நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார்.
என்னம்மா, உடம்பு பார்க்கிறியா என்று சிரித்தார்.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

குணாளன் அவர்களுக்கு,
திருத்தம் ஏதும் இல்லை.
பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம்,
நகல் இருக்கிறது.