புள்ளிக்கு ஒரு கட்டம்

பக்கத்துக்கு ஆறு கட்டம்.
ஒவ்வொன்றின் கீழும் மூன்று கோடு:
காட்சி எண், வசனம், சத்தம்.
நான்கு வருடம் ஸ்கேல் வைத்துப் போட்டேன்.
டேப்லெட் வாங்கிய பிறகு
திரைமேல் ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

சிங்காநல்லூரில் மாடி அறை. கீழே மாவு மில்.
பகலெல்லாம் மேசை நடுங்கும்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான்
என் கோடு கோடாக வரும்.

போன மாசம் ஒரு ராத்திரி
கோடு போடுவதை விட்டுவிட்டு
கோடு போடுகிற ஒன்றை எழுதினேன்.
பெரிய வித்தை இல்லை.
ஸ்கிரிப்டை ஊட்டினால்
முற்றுப்புள்ளி கண்ட இடத்தில் வெட்டும்.
துண்டுக்கு ஒரு கட்டம் தரும்.
பெயருக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி பார்த்தால்
வசனம் என்று கீழே இறக்கும்.
படம் பிறகு; முதல் சுற்றில்
கட்டத்துக்குள் வெறும் சொல்.

ஏழு நொடி. பதினொரு பக்கம்.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
மிச்சமிருந்த ராத்திரியை
என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆரம்பத்தில் கோளாறுகள்.
திரு. நாச்சிமுத்துவின் 'திரு' ஒரு கட்டத்தில்,
நாச்சிமுத்து அடுத்ததில்.
7.5 எச்.பி. மோட்டாரை
நான்கு துண்டாகக் கழற்றிப் பரப்பியது
ரிப்பேருக்கு வந்த மாதிரி.
ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன்.
திருமூர்த்தியை மட்டும் மறந்துபோனேன்.

திருமூர்த்தி உடுமலைக்காரன், எங்கள் ஸ்கிரிப்ட் ஆள்.
ஒரு வாக்கியத்தை முடிக்க மனசு வராது அவனுக்கு.
போனில்கூட "அப்பறம் பாத்து..." என்று
நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.
கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு
நாற்பது நொடி விளம்பரம் எழுதியிருந்தான்:

ராத்திரி. தோட்டம். த்ரீ பேஸ் வருகிறது.
பாவாத்தாள் ஸ்டார்ட்டரை அமுக்குகிறாள்...
தண்ணீர்.

மணி பதினொன்று. பார்க்காமலே அனுப்பினேன்.
பார்க்காமல் அனுப்பத்தானே அதை எழுதியதே.

காலையில் கம்பெனி அறை, சுவரளவு டிவி.
முதல் பக்கம் விரிந்தபோது எனக்குக் காது சுட்டது.
முதல் புள்ளி வாக்கியத்தை முடித்திருந்தது.
மீதி இரண்டும் ஆளுக்கொரு கட்டம் பிடித்திருந்தன.
நான்கு கட்டத்தில் சொல்,
ஐந்தும் ஆறும் வெள்ளை.
தண்ணீர் அடுத்த பக்கத்தில்.

"இது வந்து சார், ஒரு சின்ன..."
எனக்கும் திருமூர்த்தி ஒட்டிக்கொண்டான்.

கோவிந்தராஜுலு கையைத் தூக்கி நிறுத்தினார்.
முதலாளி ஆவதற்கு முன்னால்
போர் வண்டியோடு ஊர் ஊராகப் போனவராம்.
வெள்ளைக் கட்டத்தையே பார்த்தார்.
"போர் எத்தனை அடிங்க?"
யாருக்கும் புரியவில்லை.
"இந்தம்மா தோட்டத்துல."

"எண்ணூறு... இருக்குங்க" என்றான் திருமூர்த்தி.

"எண்ணூறுன்னா செரி. இவ்வளவு நேரம் ஆகும்.
நம்ம பழைய விளம்பரத்துல எல்லாம்
பட்டன அமுக்குனதும் கொட்டுது.
பாத்துட்டு எவன் நம்புவான்?
மொதல்ல காத்து வரோணும்.
கொழாய் ஒரு ஏப்பம் விடோணும்.
அது வரைக்கும் நெஞ்சு
நெஞ்சு எடத்துல இருக்காதுங்க."

அறையில் ஏசி மட்டும் ஓடியது.
அப்புறம் என் பக்கம் திரும்பினார்.
"ஏனுங் அம்மிணி, இந்த ரெண்டு கட்டத்துல
ஒண்ணும் வரையோணும்னு இல்லியே,
ரேட்டுல கொறைச்சுக்கலாமுங்களா?"

கோளாறைத் திருத்த டேப்லெட்டைத் திறந்தேன்.
புள்ளி மூன்று சேர்ந்து வந்தால் ஒன்றாக எண்ணு:
ஒரே வரி, அரை நிமிட வேலை.
விரலை எடுத்துக்கொண்டேன்.

மற்ற கட்டங்களையெல்லாம்
வெள்ளிக்கிழமையே வரைந்து முடித்தாயிற்று.
இன்றைக்குச் செவ்வாய்.
மாவு மில் அடங்கி இரண்டு மணி நேரம்.
ஐந்தாம் கட்டத்தில் குழாயின் வாய் வரைந்தேன், அழித்தேன்.
அவள் முகம் வரைந்தேன், அழித்தேன்.
இப்போது இருட்டு மட்டும் இருக்கிறது,
அதில் ஸ்டார்ட்டரின் சிவப்பு விளக்கு ஒரு பொட்டு.

ஆறாவதில்
குனிந்து குழாயில் காது வைத்திருக்கிறாள்