நிற்கும் கனம்

குலசேகரத்தில் மழை மாறிய காலை.
ரெத்தினபாய் கேனில் பால் கொண்டுவந்தார்.
மாட்டுப்பால் இல்லை,
முந்நூற்றுச் சொச்சம் மரங்கள்
சிரட்டை சிரட்டையாய்ச் சொட்டியது.

"எதுக்கு மக்களே இது?"
தாரில் கலக்க என்றேன். ரன்வேக்கு.
"எனக்க பாலுக்க மேல பிளேனு நிக்குமா?"
கேட்டுச் சிரித்தார்.
பிறகு சிரிப்பை விட்டு,
"கேன் நாளைக்கே வேணும், கேட்டியா" என்றார்.

ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடம்
இப்போது எங்கள் ஆய்வகம்.
நாலு வருடமாகியும்
சுவர் இன்னும் புகை மணக்கிறது.
நூற்று அறுபது டிகிரித் தாரில்
பாலை ஊற்ற, அது பொங்கி எழுந்து
சட்டியின் விளிம்பைத் தொட்டுத் தயங்கி
தணிகிறது.
சித்திரங்கோட்டுக் கருங்கல்
அரை அங்குலம், கால் அங்குலம், தூசி.
அச்சில் நிரப்பிச் சம்மட்டி:
ஒரு முகத்தில் எழுபத்தைந்து,
புரட்டி இன்னொரு எழுபத்தைந்து.
பக்கத்து ஜெபக்கூட்டம்
பாட்டை நிறுத்திவிட்டு
நான் முடிக்கக் காத்திருக்கும்.

முதலில் சக்கரம்.
இருபதாயிரம் முறை போய் வந்தது
ராத்திரி முழுக்க, ஒரே தடத்தில்.
கரண்ட் இருமுறை போனது.
காலையில் அளந்தால் பள்ளம்
இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை.
அலுவலகம் போனில் மகிழ்ந்தது.

ஆனால் விமானம் ஓடுவதோடு முடிவதில்லை.
ஓடுகிற சக்கரம் தாருக்கு யோசிக்க நேரம் தராது.
மே மாத மதியத்தில்
முறைக்காக ஓரிடத்தில் நிற்கும்போதுதான்,
காரின் டயரில் முப்பத்திரண்டு என்றால்
இருநூறைத் தாண்டிய காற்றழுத்தத்தோடு நிற்கும்போதுதான்,
கருப்பு மெல்லக் கல்லை விட்டு நகரும்.

நான் விமானம் ஏறியதில்லை.
திருவனந்தபுரத்தில்
கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்
அது புறப்படும் முன் நின்ற நேரத்தை.
ஜெபின் எந்த ஜன்னலில் என்று தெரியவில்லை.
அவன் அறுபத்திரண்டு கிலோ,
கைப்பை ஏழு,
அதில் நான் வறுத்த ஏத்தங்காய் அரைக்கிலோ.
மொத்தக் கனத்தின் கணக்கில் அவன்
தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ கிடப்பான்,
முழு எண்ணாக்கும்போது உதிர்ந்துவிடுவான்.

ஆகவே இரண்டாவது சோதனை.
அறுபது டிகிரி வெந்நீர்ப் பெட்டி,
உருளையின் தலையில் எடை,
ஒரு மணி நேரம்.
எதுவும் அசைவதில்லை.
அசையாமல் இருப்பதைத்தான்
நான் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறேன்.
முள் ஒரு மயிரிழை,
பிறகு வெகுநேரம் கழித்து
அரை மயிரிழை.

எடையை எடுத்ததும்
அது திரும்பி வரத் தொடங்கும்.
முழுதும் வராது.
வந்தது ஒரு பத்தி, வராதது ஒரு பத்தி;
என் நோட்டில் இரண்டே பத்திகள்.
வெறும் தார் கால்பங்கு வந்தது.
பால் கலந்தது பாதிக்கு மேல்.
பாலைக் கூட்டிய மூன்றாம் அச்சோ
நாற்பதாம் நிமிடத்தில் பக்கம் வீங்கி
உட்கார்ந்துவிட்டது.
மேலே டயரும் ரப்பர், கீழே தளமும் ரப்பர்,
உறவு கூடிப்போனாலும் கஷ்டம்தான்.
அதையும் எழுதினேன்.
"மூணாவது வேண்டாமே"
என்றார் ஞானசிகாமணி சார்.
அடிக்கவில்லை. மையில் எழுதியிருந்தேன்.

மறுநாள் ரெத்தினபாய் வாசலில்.
"நிண்ணுதா?"
நின்றது. அமுங்கியது. எடுத்ததும்
பாதிக்கு மேல் திரும்பி வந்தது.
"பாதி போருமா?"

விதிப்புத்தகத்தில் எண் இருக்கிறது.
நான் சொல்லாமல்
கேனைக் குனிந்து பார்த்தேன்.
அடியில் மிச்சப்பால் உறைந்து
தட்டுப்போல் ஒட்டியிருந்தது.
நகத்தால் கெந்தி உரித்து
குப்பையில் எறியப்போனேன்.
"அய்யோ, ஒட்டுப்பாலுக்கும் வெல உண்டு, தா"
என்று வாங்கிக்கொண்டார்.