நாலாம் வரிசை

ஐந்தரைக்கு லொறி பின்பக்கமாய் வரும்.
வரட்டும், வரட்டும் என்று
திலகேஸ்வரன் கையால் காற்றைத் தட்டுவான்.
நாவற்குழிப் பாலத்து உப்புக்காற்று
எங்களுக்கு முன்னமே உள்ளே வந்துவிடும்.

பிறகு நான்.
எடு. திருப்பு. கோட்டைக் காட்டு. பீப்.
சுன்னாகம் முதலாம் வரிசை,
நெல்லியடி இரண்டு,
சாவகச்சேரி மூன்று,
தீவுப் பக்கமெல்லாம் நாலு.
எடு. திருப்பு.

படிச்ச பிள்ளை, உனக்கு அலுக்கேல்லையோ
என்று கேட்கிறார் கணக்கர்.
அலுக்கவேண்டும் என்றுதானே வந்தேன், ஐயா.

இதற்கு முன்னம் ஆறு வருஷம்
நுண்கடன் கொம்பனி.
ஸ்கூட்டி, தொப்பி, தோளில் பை.
ஒவ்வொரு படலைக்கும் ஒவ்வொரு குரல் வைத்திருந்தேன்.
நாய் குரைக்கும்.
உள்ளே வானொலி சட்டென்று நிற்கும்.
"அம்மா இல்லையாம்" என்று
அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்ல
ஒரு பிள்ளை கதவிடுக்கில் வந்து நிற்கும்.

பெட்டிகள் என்னைக் கண்டு ஒளிப்பதில்லை.
நிறையை வெளியே எழுதி வைத்திருக்கின்றன.
பத்துமணிப் பிளேன்ரீ பத்துமணிக்கே வருகிறது.
மழையென்றால் தகரம் மட்டும் சத்தம்போடும்;
நான் இருநூற்றுப் பதினொன்று,
இருநூற்றுப் பன்னிரண்டு.

போன மாதம் மேற்பார்வையாளர் வேலை தரலாம் என்றார்கள்.
ஆட்களோடு கதைக்கவேண்டியிருக்குமாம்.
முழங்கால் வருத்தம் என்று சொன்னேன்.
முழங்காலுக்கும் கதைக்கிறதுக்கும் என்ன என்று
ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஒரு பெட்டி.
ஏழு கிலோ. தையல் மெசின் மோட்டர்.
பெறுநர்: மரிய யூஜினா, கரம்பொன்.

படலை தெரியும். நாயும் தெரியும்.
பழைய மெசினை விற்ற காசை
என் உள்ளங்கையில் எண்ணி வைத்தவள்.
"முந்நூறு கூடப் போட்டிட்டன், தாங்கோ" என்று
திருப்பி வாங்கினவள்.

எண்ணிக்கை நின்றது.
பின்னால் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கின.
"என்னக்கா?" என்றான் திலகேஸ்வரன்.
ஒன்றுமில்லையடா.

கோட்டைக் காட்டினேன். பீப்.
கண்ணாடிச் சாமான்களுக்கு ஒட்டுகிற
சிவப்பு ஒட்டியில் ஒன்றை உரித்து
அதன் தலையில் ஒட்டினேன்.
மோட்டர் உடையாது, தெரியும்.
நாலாம் வரிசை.

இருநூற்று எத்தனையில் விட்டேனென்று
ஞாபகம் வரவில்லை.
ஒன்று என்று தொடங்கினேன்.